மார்ஷ்பெண்ட் ஊரார் நன்றி சொல்லவில்லை

அனுப்புநர்:
வெர்லீன் ஹார்க்ரோவ்,
வெர்லீன் அழகு நிலையம்,
டெப்போ தெரு (தண்டவாளத்துக்கு மேற்கே),
மார்ஷ்பெண்ட், டில்லார்ட் கவுண்டி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சட்டமன்றத் தொகுதி மறுவரையறைக் குழு,
மாநில சட்டமன்ற வளாகம்.

பொருள்: மார்ஷ்பெண்ட் ஊரை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கும் வரைவை எதிர்த்தும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தங்கள் குழு எழுதியுள்ள குறிப்பைத் திருத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரியாதை பார்த்து ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம்.

2. எங்கள் ஊரின் நடுவே சரக்கு ரயில் பாதை போகிறது. வீடுகள் பெரும்பாலும் மேற்கே. மருத்துவமனையும் ஆம்புலன்ஸ் நிலையமும் கிழக்கே. அடுத்த ஊரில் ரயில்களை நிறுத்தும் யார்டில் இடம் இல்லாவிட்டால் ரயில் எங்கள் ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். அரை மணியும் நிற்கும், அரை நாளும் நிற்கும். சுற்றிப் போகவும் வழியில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சதுப்பு.

3. ஊர் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தவரை எங்களுக்கென்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருந்தார். அவரை நச்சரித்து நச்சரித்து ஒரு மேம்பாலத்துக்கு அனுமதி வாங்கினோம். அளவுக் கல்கூட நட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு முன் ஆளும் கட்சி பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து தொகுதிகளுக்குப் புதுக் கோடு போட்டது. நாங்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே தண்டவாளத்தை ஒட்டி ஊரை வெட்டி, மேற்கை மறுபடி இரண்டாக்கி, மூன்று துண்டுகளையும் தம் கட்சிக்கு ஓட்டு விழும் பெரிய பகுதிகளோடு ஒட்டிவிட்டார்கள். பாலத்துக்கு ஒரு கால் ஒரு தொகுதியில், மறு கால் இன்னொன்றில் என்று ஆனது. திட்டம் கைவிடப்பட்டது. இப்போது தங்கள் குழு வெளியிட்டிருக்கும் வரைவிலும் அதே கோடுதான் இருக்கிறது.

4. சென்ற இலையுதிர் காலத்தில் என் கணவர் லெமுவலுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் உடனே வந்தது, ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம். நின்றிருந்த பெட்டிகளின் இடுக்கில் அதன் சிவப்பு விளக்கு சுழல்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் திருச்சபையின் மூத்த ஊழியரும் பக்கத்து வீட்டுக்காரருமான டீக்கன் பெட்டிவே, காரின் பின் இருக்கையில் லெமுவலின் தலையை மடியில் ஏந்தியிருந்தார். "ரயிலு நகந்துடுச்சா?" என்று அவர் கேட்டார். "நகருது, நகருது" என்று டீக்கன் பொய் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் என் கணவர் கண்ணை மூடினார்.

5. மூன்று உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கும் போனேன். முதலாமவர் இரண்டாமவரைக் கைகாட்டினார், அவர் மூன்றாமவரை. மூன்றாமவரின் உதவியாளர் மட்டும் ஒளிவுமறைவில்லாத பிள்ளை. "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊரே தெரண்டு வந்து எதுத்து ஓட்டுப் போட்டாலும் எங்க சாருக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் அவரு எதுக்கு மெனக்கெடணும்?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வரைபடத்தின் பொருளை எனக்கு விளங்க வைத்தவர் அவர்தான்.

6. சென்ற மாதம் கவுண்டி நீதிமன்றக் கூடத்தில் தங்கள் குழு கருத்துக் கேட்டது. ஊருக்கு ஒருவர், ஆளுக்கு இரண்டு நிமிடம். லெமுவலை மடியில் வைத்திருந்தவர் என்பதால் டீக்கனையே அனுப்பினோம். எங்கள் சபையில் மைக்கைப் பிடிக்கிற எவரும் எடுத்த எடுப்பில் விஷயத்தைப் பேசமாட்டார்கள். முதலில் கடவுளுக்கு மகிமை, பிறகு போதகருக்கு, அவர் மனைவிக்கு, சபைத் தாய்மார்களுக்கு, வந்திருக்கும் பெரியவர்களுக்கு என்று வரிசையாக மரியாதை செலுத்த வேண்டும். அதை விட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். டீக்கனும் அப்படியே செய்தார். தங்களுக்கும் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி கூறினார். அதற்குள் இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தது, மைக் அணைந்தது. "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே" என்று அவர் சொன்னது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. மேடையில் சிலர் சிரித்தார்கள். அடுத்த ஊரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு வந்த தங்கள் அறிக்கையில் இப்படி இருக்கிறது: "மார்ஷ்பெண்ட் ஊரார் குழுவுக்கு நன்றி தெரிவித்தனர். ஆட்சேபம் ஏதும் இல்லை."

என் கடைக்கு வரும் பெண்கள், "மனுஷன் சொர்க்கத்துக்கே வணக்கம் போட்டு முடிச்சிட்டாரு, ரயில்வே கேட்டுக்குத்தான் வந்து சேரல" என்று கேலி பேசுகிறார்கள். டீக்கன் அதன்பிறகு சபையில் மைக்கைத் தொடவில்லை. அவரைத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள். ஊரைத் துண்டாக்கியதற்கு ஊரே நன்றி சொன்னதாக எழுதுவதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

7. ஆகவே நாங்கள் கேட்பது:

வரைவு வாக்கெடுப்புக்குப் போகுமுன் அந்தக் குறிப்பை நீக்கி, எங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டும். மார்ஷ்பெண்ட் முழுவதையும் ஒரே தொகுதியில் வைக்க வேண்டும். எங்கள் உறுப்பினர் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். எங்கள் ஓட்டைக் கண்டு கொஞ்சமாவது பயப்படுகிறவராக இருந்தால் போதும்.

கோடு போடும் வேலையைக் கட்சிகளிடமிருந்து எடுத்து, எந்தக் கட்சியையும் சேராத ஆணையத்திடம் கொடுத்து, மக்கள் கண்முன் செய்ய வேண்டும். இன்று அவர்கள், நாளை எங்கள் ஆட்கள். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தாலும் வெட்டத்தான் தோன்றும். முடி வெட்டிப் பிழைக்கிறவள் சொல்கிறேன்.

8. இதை ஏன் அவசரம் என்கிறேன் என்றால், என் மகள் ரெனிட்டா கர்ப்பமாக இருக்கிறாள், பிரசவம் மார்ச்சில். ரத்த அழுத்தம் அதிகம். வலி கண்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். மார்ச் மாதத்துக்குள் பாலம் முளைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தங்கள் வரைவு நிறைவேறினால் அவள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை வளர்ந்து பிள்ளை பெற்றாலும் பாலம் வராது. அவளுக்கு வலி காணும் அன்றைக்கு ரயில் நின்றால் என்ன செய்வது என்று தெருவில் கூடிப் பேசிவிட்டோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக்கு மேலே அவளைத் தூக்கி, அந்தப் பக்கம் நிற்பவர்கள் கையில் கொடுப்பது என்று முடிவு. வண்டி எந்த நேரமும் நகரலாம் என்று அவளுக்கும் தெரியும். தூக்கும்போது எப்படிக் கையை மடக்கி, காலை உள்ளிழுத்துப் படுக்க வேண்டும் என்று, தூக்கப்போகிறவர்களில் ஒருவரான டீக்கனிடம் இப்போதே கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

இடம்: மார்ஷ்பெண்ட்
நாள்: நவம்பர் 20

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) வெர்லீன் ஹார்க்ரோவ்