கிட்டார் தடத்தில் என் குரல்

என்னங்க,

அக்கா வீட்டில் இருக்கிறீர்களே, உங்கள் இருமல் விட்டதா? மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?

நீங்கள் விட்டுப் போன ரெக்கார்டரை இன்று துணிந்து தொட்டேன், பாப்பாவுக்கு உங்கள் பாட்டைப் போட்டுக் காட்டத்தான். ஒரு பாட்டும் முழுதாக இல்லை. எல்லாவற்றிலும் பாதியில் நான் வந்துவிடுகிறேன்: “போதும் நிறுத்துங்க, பாப்பா முழிச்சுக்குவா. பெரிய கச்சேரி வித்வான்.” அதோடு கிட்டார் நின்றுவிடுகிறது.

பாட்டுக்கு ஒரு தடம், கிட்டாருக்கு ஒரு தடம் என்று தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கிறீர்களே, என் குரலை மட்டும் ம்யூட் செய்யப் பார்த்தேன். அது கிட்டார் தடத்திலேயே விழுந்திருக்கிறது. என்னை அடக்கினால் நீங்களும் போய்விடுகிறீர்கள்.

பாப்பா இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்து, “போதும்” என்கிறாள். அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை.

எதையும் அழிக்கவில்லை. வந்து மீதியை வாசியுங்கள். முழித்தால் முழிக்கட்டும்.

இப்படிக்கு,
கச்சேரியைக் கலைத்தவள்