மேரி அக்காவின் போன்

புதன்கிழமை, இரவு.

வைத்தியசாலை ஒன்றுக்காக நாங்கள் செய்து கொடுத்த, டொக்டரைச் சந்திக்க நேரம் பதியும் இணையப் பக்கத்தில், போனிலிருந்து யாருமே பதிவதில்லை என்று அங்கிருந்து முறைப்பாடு. நாங்கள் அதைப் பெரிய திரைகளிலும் எங்கள் புதுப் போன்களிலும் மட்டுமே சோதித்திருந்தோம். அதனால் இன்று, வெள்ளவத்தை அலுவலகத்தைத் துப்புரவாக்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மேரி அக்காவைக் கூப்பிட்டு, தன் போனில் பதிந்து பார்க்கச் சொன்னேன்.

அவருடைய பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். பதியும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. அவர் டொக்டரின் பெயரையே திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ், எனக்கு இதுகள் விளங்காது."

"இல்லையக்கா, பிழை எங்கட பக்கம்தான்."

அவர் நம்பவில்லை. "போன மாசமும் என்ர மனுசனுக்குக் கண் டொக்டரை சனல் பண்ணி நேரம் எடுக்க இதிலதான் பாத்தனான். சரிவரேல்ல. பிறகு விடியக் காலமை போய் வரிசையில நிண்டனான்."

இனி எதைச் செய்தாலும் முதலில் அந்தப் போனில்தான் சோதிப்போம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் நித்திரை வரவில்லை.

போன மாதம் அந்தப் பக்கத்தை வெளியிட்ட அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். மேரி அக்காவும் எங்களோடு நின்று கைதட்டினார். பிறகு தட்டுகளைக் கழுவி வைத்தார்.