பெயர்கள் ஓடும்போது போட்ட விளக்கு

அக்டோபர் 14, 1997. செவ்வாய். ஃப்ரீமான்ட்.

இன்று மதியம் சான்ஃபிரான்சிஸ்கோவில், புது ஜப்பானியப் படங்களை அமெரிக்க விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினோம். அரங்கின் விளக்குகள் என் பொறுப்பு. கடைசிப் படத்தின் இயக்குநர் ஒசாகாவிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அதுதான் அவருடைய முதல் படமாம்.

கதை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எங்கள் ஊர் தியேட்டரில் அதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள், பாதிக் கூட்டம் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும். என் கை தானாகப் போய் விளக்கைப் போட்டுவிட்டது. எல்லாரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இயக்குநர் மட்டும் அசையவில்லை. பெயர்களுக்குப் பிறகு இன்னொரு காட்சி இருந்தது. படம் முழுக்க மகனிடம் பேசாத அப்பா அதில்தான் வாயைத் திறக்கிறார். வெளிச்சத்தில் திரை வெளுத்து, அந்த அப்பாவின் முகம்கூடத் தெரியவில்லை. எனக்கு விளக்கை அணைக்கவும் தோன்றவில்லை. திரை இருண்ட பிறகுதான் விளக்கு என்று எழுதிக் கொடுத்திருந்த தாள், படிக்காமல் என் கைப்பையில் இருந்தது.

வீட்டுக்காரரிடம் பாதி சொன்னேன்.

"லைட்டு போட்டதுக்கா சாப்பிடாம இருக்க? வேணும்னா டேப் வாங்கிப் பாத்துப்பாங்க. நாளைக்கு கால் பண்ணி ஒரு சாரி சொல்லிடு" என்றார்.

மீதியை இங்கேதான் எழுதுகிறேன். எல்லாரும் போன பிறகு இயக்குநர் என் முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்தார். படம் நீளமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

நான் "இட்ஸ் ஓகே" என்றேன்.