கதையில் செத்தவளுக்குத் தலைமுழுக்கு

மாசி 9, புதன்.

தோட்டத்துக் களத்தில் கோப்பிக்கொட்டை (காப்பிக்கொட்டை) பொறுக்கும் பெண்களுக்கு முத்தம்மா ஒரு வாரமாகத் தானே கட்டிய கதையைச் சொல்லிவந்தாள். இன்று கதையில் வரும் செல்லாயி, மன்னாரிலிருந்து கண்டிக்கு நடந்து வரும் வழியில் பேதி கண்டு செத்துப்போனாள். பெண்கள் மாரடித்து அழுதார்கள். வேலை முடிந்ததும் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழையாமல், இழவு வீட்டிலிருந்து வந்தவர்கள்போல ஓடையில் தலைமுழுகப் போனார்கள்.

இவர்களை ஊரிலிருந்து அந்த வழியே நடத்திக் கூட்டிவந்த கங்காணி கத்தினார்: "கதையில செத்தவளுக்கு எதுக்குடி முழுக்கு?"

"வழியில செத்த எங்க ஆளுங்களுக்கு நின்னு அழ விட்டீங்களா, கங்காணி? அவங்களுக்கும் சேத்துத்தான்," என்றாள் முத்தம்மா.

என்ன பெண் இவள்! அந்த வழியில் செத்தவர்களின் பெயர்களை ஆள்கணக்கேட்டில் அடித்துக்கொண்டே கூட நடந்த கணக்குப்பிள்ளை நான். இவள் ஒருத்திக்குப் பெயர் வைத்து, அத்தனை பேருக்கும் அழவைத்துவிட்டாள்.

கங்காணியின் பெண்சாதியும் அந்த வழியில் செத்துப்போனவள்தான். அவரும் தலைப்பாகையை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டு ஓடையில் இறங்கினார்.