போகிற வழியில் எங்கள் வீடு

மாசி 9, வெள்ளி. இரவு.

இன்று பிற்பகல் மகன் சேகர் எங்கள் தலைக்கு மேலே பறந்து போனான். துபாயிலிருந்து மெல்பர்னுக்கு வேலை மாற்றம். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பதினான்கு மணி நேரம். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். கால்வாசித் தூரத்தில் எங்கள் ஊர் உத்தமபாளையம் வருகிறது. அதைப் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கும் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

போன வாரம் போனில் சொன்னேன். "போற வழிதானடா. மதுரையில எறங்கி ஆத்தாளப் பாத்துட்டுப் போ."

சிரித்தான். "கை காட்டுனா நிக்கிறதுக்கு அது கம்பம் பஸ்ஸாப்பா? கம்பெனில நேரா டிக்கெட் போட்டுட்டாக. அடுத்த வருசம் வாரேன்."

அடுத்த வருடம் வரை அவள் தாங்க மாட்டாள் என்று தேனி டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும். இரண்டாம் முறை கெஞ்ச மாட்டேன்.

மூன்று மணிக்கு மொட்டைமாடியில் நின்றேன். கேரள மலைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கோடு வந்து மேகமலையைத் தாண்டியது. அவனுடையதுதான். நேரம் சரியாக இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை.

கீழே வந்ததும் கட்டிலில் கிடந்தபடி கேட்டாள். "ஏங்க, தாண்டிட்டானா?"

"இன்னும் இல்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மணி பத்து. அவன் எந்தக் கடலுக்கு மேலேயோ இருப்பான். சன்னலைச் சாத்தப் போனேன்.

"கொசு வந்தா வரட்டும், தெறந்தே கெடக்கட்டும். அங்கன வானத்துல வெளிச்சம் ஏதும் வருதான்னு பாருங்க" என்கிறாள்.

சாத்தவில்லை.