அலமாரியில் இருக்கும் ஜீப் ஸ்டாண்டு

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்க நலமான்னு கேட்க மாட்டேன். அம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க.

ஷெட்டுல பழைய ஜீப்பைச் செங்கல் மேல நிறுத்திட்டு அடியில படுத்தீங்களாம். செங்கல் நொறுங்கி, வண்டி உங்க தோளை உரசிக்கிட்டு இறங்குச்சாம். சிராய்ப்புதான்னு சிரிச்சீங்களாம். எனக்குப் பத்திக்கிட்டு வருது. வண்டியைத் தாங்கத்தானே இரும்பு ஸ்டாண்டு நாலு அனுப்பினேன்? அழுக்காயிடும்னு பிரிக்காமலே அலமாரியில வச்சிருக்கீங்களாம். அது என்ன பட்டுப்புடவையா?

இங்க எங்க பட்டறையில ஸ்டாண்டு இல்லாம அடியில போனா வேலை போயிடும். போன வாரம் அவசரத்துல நானே ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்துட்டேன். மேஸ்திரி காலைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டார். ஒரு கீறல்கூட இல்ல, அம்மாகிட்ட சொல்லாதீங்க. முதல் தடவைன்னு விட்டுட்டார்.

என்னோட பழைய காக்கிச் சட்டையை அனுப்புங்க. துவைக்க வேண்டாம், அந்த கிரீஸ் வாசனையோடயே இருக்கட்டும். நான் வர்றதுக்குள்ள இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.

ஸ்டாப்புல உட்கார்ந்து எழுதறேன், பஸ் வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். "இப்படிப் படுக்க உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"னு மேஸ்திரி எல்லார் முன்னாடியும் கேட்டார். உங்க பேரை நான் சொல்லல. உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரல.

இன்னிக்கே ஸ்டாண்டைப் பிரிங்கப்பா.

கோபத்தோட,
உங்க மகள்