தண்ணீர் ஊற்றியவள்

12 ஜூலை 1951

மறுபடியும் வரதன்தான் முதல். நான் ஒரே ஒரு மார்க் குறைவு. கணக்கு விடைத்தாளை விசிறிபோல் ஆட்டிக்கொண்டே என் பெஞ்சுக்கு வந்தான். "இன்னா பிலோமி, காத்து வருதா?" வகுப்பில் என்னைத் தவிரப் பெண்கள் ஆறு பேர்தான். ஆறு பேரும் சிரித்தார்கள். என் பக்கம் ஒருத்திகூட இல்லையா?

4 செப்டம்பர்

நூலகத்தில் இருக்கும் ஒரே பூகோளப் புத்தகத்தை இருவரும் இழுத்ததில் அட்டை கிழிந்துவிட்டது. சேர்ந்து ஒட்டித் தர வேண்டும் என்று தண்டனை. அவன் கோணலாக ஒட்டுகிறான். சொன்னேன். "நீ சோறு துன்னும்போதுகூட ஸ்கேல் வெச்சி கோடு போடுவ போல" என்றான். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஏன்?

18 நவம்பர்

வரதன் எங்கள் மாதா கோயில் உபதேசியாரிடம் ஞானோபதேசம் படிக்கிறானாம். அவர்கள் வீட்டில் மாரியம்மனைத்தான் கும்பிடுகிறார்கள். இதிலும் என்னை ஜெயிக்கவா என்று கேட்டேன்.

"மொதல்ல அதுக்குதான் போனேன். இப்ப மெய்யாலுமே புட்ச்சிகீது." பிறகு தரையைப் பார்த்தபடி, "பாஸ்கா பண்டிகைக்கு ஞானஸ்நானம். அப்பால வேலை கெட்ச்சதும் உங்க நைனாகிட்ட வந்து கேப்பேன்."

"இன்னா கேப்ப?"

"பூகோளப் புக்கு."

ஓடி வந்துவிட்டேன். எழுதும்போதும் கன்னம் சுடுகிறது.

10 பிப்ரவரி 1952

வரதனுக்கு டைபாய்டு. தாய் இல்லை. அப்பா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போயாக வேண்டும். பக்கத்துக் குடித்தனத்து அடைக்கலமேரி அக்காதான் பார்த்துக்கொள்கிறாள்.

13 பிப்ரவரி

நோட்டுக் கொடுக்கிற சாக்கில் போனேன். டாக்டர் கைவிரித்துவிட்டுப் போயிருந்தார். அவன் கண் செருகிக் கிடந்தான். "ஞானஸ்நானம்... ஞானஸ்நானம்..." அது ஒன்றுதான் வாயில். கோயில் சாமியாரோ எண்ணூருக்குப் போயிருக்கிறார். சாகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அக்கா செம்பில் தண்ணீர் எடுத்தாள். அழுகையில் அவளுக்கு வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. தப்பாகச் சொன்னால் செல்லாதே!

"தள்ளுக்கா, எனக்குத்தான் சரியா வரும்."

ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி ஊற்றினேன். அதில் ஒரு பெருமைகூட — ஆண்டவரே, அந்த நேரத்திலுமா?

14 பிப்ரவரி

மூச்சு இருக்கிறது.

26 பிப்ரவரி

டாக்டர் கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போன புது மாத்திரை கேட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது. "கஞ்சில உப்பு இல்லன்னு சண்ட வலிக்கிறான், இனிமே பொழச்சிக்குவான்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து ஞானோபதேசப் புத்தகத்தில் கல்யாணத்தைப் பற்றிய மெய்விவாகப் பாடத்தை எடுத்துப் பார்த்தேன். நினைவில் இருந்தது சரிதான். ஞானஸ்நானம் கொடுத்தவரும் பெற்றவரும் மணந்துகொள்ள முடியாது. தாய் பிள்ளை உறவு மாதிரி. வரதன் இன்னும் இந்தப் பாடத்துக்கு வரவில்லை. நான் எப்போதோ படித்து முடித்துவிட்டேன். தெரிந்துமா ஊற்றினேன்? போகப்போகிறான் என்றல்லவா... அக்காவுக்கு வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கலாமே. ஒவ்வொன்றாக. அவளே ஊற்றியிருப்பாளே!

28 பிப்ரவரி

அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "இதுக்கா இம்மாம் பேஜாரு? நான்தான் ஊத்துனேன்னு சொல்லிட்றேன், போ."

கோயில் பதிவேட்டில் பொய். இரண்டு நாளாக ஜெபம் வரவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

நானும் அக்காவும் வாய் திறக்குமுன் சாமியாரே பதிவேட்டை விரித்துக் காட்டினார். மை காய்ந்திருந்தது. 'கொடுத்தவர்: பிலோமினா, இன்னாசி மகள்.' நேற்று வரதனைப் பார்க்கப் போனாராம். பிலோமி கையால்தான் ஞானஸ்நானம் பெற்றேன் என்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறானாம்.

நான் அழுததும் அவருக்குப் புரிந்தது. "பிஷப்புக்கு, நம் மேற்றிராணியாருக்கு எழுதி, இந்தத் தடைக்கு விலக்குக் கேட்கலாம், மகளே. உன் அப்பா சம்மதிக்கணும்."

5 மார்ச்

அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். "தன் புள்ளையவே கட்டிக்கினாள்னு ராயபுரமே சிரிக்கணுமா? நான் உசுரோட கீற வரிக்கும் முடியாது." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

18 மார்ச்

பரீட்சைக்கு வரதன் சட்டை தொளதொளக்க வந்தான். வேப்பமரத்தடியில் பாடத்தில் இருந்ததையும் அப்பா சொன்னதையும் சொன்னேன். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?"

"நானும்தான்."

மணி அடித்தது. இருவரும் கணக்கு எழுதப் போனோம்.

12 ஏப்ரல், பெரிய சனிக்கிழமை

வரதனுக்கு அன்று அவசரத்தில் விட்டுப்போன ஞானஸ்நானச் சடங்குகளை இன்று காலை கோயிலில் செய்து முடித்தார்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் ஞானத்தாய் தகப்பனிடம் வரிசையாக ஆசீர்வாதம் வாங்கினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ, "போ பிலோமி, உம் புள்ள காத்துகினு கீது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்.

வரதன் என் முன்னால் முழங்காலிட்டான். பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்தேன்.

வெளியே வந்து மணிக்கூண்டு அருகில் நின்றேன். அவன் கடந்து போகையில், "வெயில்ல நிக்காதீங்க" என்றான்.

வேறு யாரிடமோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.